கிடாய் முக்குகிறதா? முதலில் சலத்தைப் பாருங்கள்

2010க்குப் பிறகு வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்று வந்தவற்றில் ஆடும் மாடும் முக்கியமானவை. குறிப்பாகப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களில், கொட்டிலில் நிற்கும் இரண்டு கிடாய்கள்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும் சேமிப்பு. பிள்ளையின் வகுப்புக் காசும் நுண்கடன் தவணையும் அதில்தான் தங்கியிருக்கும். நன்றாகக் கொழுத்து, விற்கிற பருவத்துக்கு வந்த கிடாய் இரண்டு மூன்று நாளில் செத்துப்போன கதைகளை இந்தப் பகுதிகளில் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விபரம்தான்: கிடாய் முக்கிக்கொண்டு நின்றது, மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்கினோம், மூன்றாம் நாள் விழுந்துவிட்டது.

முக்கியது சாணத்துக்காக அல்ல, சலத்துக்காக. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கும். மறிக்கும் கல் உண்டாகும். ஆனால் மறியின் சிறுநீர்க் குழாய் குட்டையானது, அகலமானது, ஆகவே கல் வெளியே போய்விடும். கிடாயின் குழாய் நீளமானது, ஒடுக்கமானது, இடையில் ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்தும் இருக்கும். அதன் நுனியில் புழுவைப்போல மெல்லிய ஒரு நீட்சி உண்டு. கல் வந்து சிக்குவது பெரும்பாலும் இந்த நுனியில், அல்லது அந்த வளைவில்.

மிகச் சிறு வயதில் நலமடித்த கிடாய்க்கு இந்த ஆபத்து இன்னும் கூட. குழாய் அகலிப்பதற்கு ஆண் சுரப்பு வேண்டும். அது இல்லாமல் போனால் உடம்பு வளரும், குழாய் ஒடுக்கமாகவே நின்றுவிடும். குட்டி நாலைந்து மாதமாகும் வரை பொறுத்து நலமடிப்பது நல்லது.

கல் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊர்களில் எல்லோரும் கிணற்றைத்தான் குற்றம் சொல்வார்கள். கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படிவதைப் பார்க்கிறவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் இறைச்சிக்குக் கொழுக்க வைக்கும் கிடாய்களில் பெரும்பாலும் காணப்படுவது பொஸ்பேற்றுக் கல். அதன் வேர் தீவனத்தில் இருக்கிறது. ஆட்டின் உணவில் ஒரு பங்கு பொஸ்பரசுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கல்சியம் இருக்க வேண்டும். அரிசித் தவிட்டில் இது தலைகீழ். பொஸ்பரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. குழையும் புல்லும் தின்று அசைபோடும் ஆட்டுக்கு உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும், மிஞ்சிய பொஸ்பரசு அந்த வழியாகக் குடலுக்குப் போய்ப் புழுக்கையோடு வெளியேறும். தவிட்டை மட்டும் நம்பிக் கட்டி வளர்க்கும் ஆட்டில் அது சலத்துக்குள் இறங்கிக் கல்லாகும்.

ஏன் கட்டி வளர்க்கிறோம் என்பதும் யோசிக்க வேண்டிய விடயம். முன்பு பகல் முழுக்க மேய்ந்த ஆடுகளுக்கு இன்று போக இடமில்லை. சில காணிகளில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை, சிலவற்றில் முகாம், மற்றையவற்றில் வன இலாகாவின் எல்லைக்கல். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் தெருவில் இறங்கியதும் மேய்ச்சல் தரைக்காகத்தான். மேய்ச்சல் குறையக் குறைய தவிட்டுச் சாக்கு கொட்டிலுக்குள் வருகிறது.

ஆகவே தவிட்டைக் குறையுங்கள், குழையைக் கூட்டுங்கள். பூவரசு, முள்முருக்கு, கிளிசரியா, பலாவிலை என்று கலந்து கட்டுவது நல்லது. தாதுக் கலவை வாங்கும்போது பொஸ்பரசு குறைந்த, கல்சியம் கூடிய கலவையைக் கேளுங்கள்; தவிடு தின்னும் கிடாய்க்கு மேலும் பொஸ்பரசு வேண்டாம். ஒரு கிலோ தீவனத்துக்கு 10 முதல் 20 கிராம் வரை கறியுப்புச் சேர்த்தால் கிடாய் கூடத் தண்ணீர் குடிக்கும், சலம் நீர்த்துப்போகும். ஆனால் வாளியில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். ஆடி, ஆவணி வெயிலில் வெந்து, பாசி பிடித்த வாளியில் ஆடு வாய் வைக்காது. கல் உண்டாகாமல் தடுக்க அமோனியம் குளோரைட்டும் கொடுப்பதுண்டு. அந்த அளவை மிருக வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

அடைத்துவிட்டால் அறிகுறி தெளிவாகத் தெரியும். கிடாய் முதுகை வளைத்து, வாலை ஆட்டி ஆட்டி முக்கும், கத்தும், வயிற்றைக் காலால் உதைக்கும். சலம் சொட்டுச் சொட்டாக வரும், அல்லது வரவே வராது. சலத்துவார மயிரைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருக்கும், சிலவேளை மணல்போலத் துகள் ஒட்டியிருக்கும். இதைக் கண்டதும் தவிட்டை நிறுத்திவிட்டு வைத்தியருக்கு அழைப்பு எடுங்கள். தண்ணீர் பருக்காதீர்கள். சலம் போக்கும் மருந்து என்று யார் தந்தாலும் கொடுக்காதீர்கள். வழி அடைத்திருக்கும்போது சலத்தைக் கூட்டினால் சலப்பைதான் வெடிக்கும்.

வெடித்தபின் கிடாய் சற்று ஆறுதலாக நிற்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சுகமாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். பிறகு வயிறு இரு பக்கமும் ஊதும், சலம் இரத்தத்தில் கலந்து நஞ்சாகும். அடைத்த முதல் நாளே வைத்தியர் பார்த்தால், நுனியிலுள்ள அந்த நீட்சியை வெட்டிவிட்டே சில கிடாய்களைக் காப்பாற்றலாம். கல் வளைவில் இருந்தால் சத்திரசிகிச்சைதான். பேராதனை கால்நடை மருத்துவ பீடம் வரை கொண்டு போகலாம், ஆனால் வாகனக் கூலி கிடாயின் விலையைத் தாண்டிவிடும். அப்படியான நிலையில், மருந்து ஏற்றுமுன், வைத்தியரின் பரிசோதனையோடு இறைச்சிக்குக் கொடுப்பதே நட்டத்தைக் குறைக்கும் வழி. சொல்லக் கசப்பாக இருந்தாலும் இதுதான் உண்மை.

மாட்டில் பார்க்க வேண்டியது சலத்தின் நிறம். சிவந்திருந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அசையாமல் சில மணி நேரம் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் அது இரத்தம். கன்று போட்டபின் சிறுநீரகத்தில் கிருமி தொற்றிய பசு இப்படிச் சலம் விடும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடும், மெலியும், பால் குறையும். இதற்கு ஊசி பல நாள் தொடர்ந்து போட வேண்டும். இரண்டு ஊசியோடு தேறிவிட்டது என்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும். போத்தல் முழுக்கக் கோப்பி நிறத்தில், படியாமல் இருந்தால் இரத்த அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைகின்றன என்று அர்த்தம். உண்ணி பரப்பும் காய்ச்சல் அதற்கு ஒரு காரணம். நாட்டு மாட்டை விட ஜேர்சி போன்ற கலப்பினப் பசுக்களை அது வேகமாக வீழ்த்தும்.

இன்னொரு காரணம் எலிக்காய்ச்சல். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த அதே நோய்தான். எலி மட்டுமல்ல, தொற்றிய மாட்டின் சலமும் அதைப் பரப்பும். மாடு வெளியே சுகமாகத் தெரிந்தாலும் கிருமி சலத்தோடு போய்க்கொண்டிருக்கலாம். கருச் சிதைந்த பசுவின் கொட்டிலைக் கழுவும்போது காலுறையும் கையுறையும் போடுங்கள். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்களும், செயற்கைக் கால் உரசிப் புண்ணானவர்களும் மாரியில் சேறான கொட்டிலுக்குள் வெறும் உடம்போடு இறங்கக் கூடாது. கொட்டிலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், ஆஸ்பத்திரியில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது மாடு வளர்க்கிறேன் என்பதை.