பிழை நாணயம் என்னும் உரிமைகோரல்: சான்றுகளை எடைபோடும் முறை

நாணயத்தில் தென்படும் இயல்பு மீறிய தோற்றத்துக்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம். நாணயத்தை அடித்த அச்சே மற்ற அச்சுகளிலிருந்து மாறுபட்டிருக்கலாம். அச்சு சரியாக இருந்தும் உலோக வில்லையோ அடிக்கும் செயலோ தவறியிருக்கலாம். நாணயம் புழக்கத்துக்கு வந்தபின் தேய்ந்தோ நசுங்கியோ, யாரோ ஒருவரால் வேண்டுமென்றே திருத்தப்பட்டோ இருக்கலாம். நாணயவியலில் முதலாவதை 'வகை' என்றும் இரண்டாவதைப் 'பிழை' என்றும் பிரிப்பர். மூன்றாவது வெறும் சேதம். வகை என்பது அந்த அச்சிலிருந்து வந்த நாணயங்கள் அனைத்திலும் திரும்பத் திரும்பக் காணப்படும். பிழை பெரும்பாலும் ஒரு நாணயத்தோடு முடிந்துவிடும்.

அரிய பிழை என்று சந்தைக்கு வருபவற்றில் சேதங்களே மலிந்துள்ளன. ஆகவே மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமை கோருபவரையே சாரும். குறிப்பிட்ட ஒரு தோற்றம் நாணயச்சாலையின் எந்தக் கட்டத்தில் ஏற்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த விளக்கம் இரு பக்கங்கள், விளிம்பு, எடை ஆகிய அனைத்துக்கும் ஒருசேரப் பொருந்தவும் வேண்டும். அவ்வாறு பொருந்தும்போதுதான் அது பிழையாகவோ வகையாகவோ ஏற்கத்தக்கது.

உற்பத்திக் கட்டங்களும் அவை விடும் தடயங்களும்

உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. பின்னர் வில்லையின் ஓரம் அழுத்தி உயர்த்தப்படுகிறது. இறுதியாக, வளையத்துக்குள் வைக்கப்பட்ட வில்லையின்மேல் இரு அச்சுகள் மோதுகின்றன. ஒவ்வொரு கட்டமும் தனக்கே உரிய தடயத்தை விட்டுச் செல்கிறது.

பிறை வடிவில் ஓரம் குறைந்த நாணயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏற்கெனவே வெட்டிய துளையின்மேல் வெட்டுக்கருவி மீண்டும் இறங்கினால் வில்லை குறையோடு பிறக்கும். ஓரத்தை உயர்த்தும் கருவி குறையுள்ள இடத்தில் அழுத்தம் கொடுக்க முடியாததால், அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் ஓரம் முழுமையாக எழும்பாது. இதனை பிளேக்ஸ்லி விளைவு என்பர். குறையை ஒட்டிய எழுத்துகளும் உலோக ஓட்டத்தால் சற்றே இழுபட்டிருக்கும். அரத்தாலோ கத்தரியாலோ பின்னர் வெட்டப்பட்ட நாணயத்தில் எதிர்ப்புற ஓரம் முழுமையாக இருக்கும்; எழுத்துகள் கத்தரித்தது போலப் பாதியில் நிற்கும். எதிர்ப்புறத் தடயம் எல்லா உண்மை நாணயங்களிலும் தெளிவாகத் தெரிவதில்லை. எனவே அதன் இருப்பு வலுவான சான்று. அதன் இன்மை மட்டும் மறுப்பாகாது.

ஒரு பக்கத்தில் உருவம் இடம் வலம் மாறிக் குழிந்து தெரிவதும் அடிக்கடி பிழையாகக் காட்டப்படுகிறது. முந்தைய நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால் இத்தகைய தோற்றம் உண்மையாகவே உண்டாகும். ஆனால் இரு நாணயங்களை இடுக்கியில் வைத்து நெருக்கினாலும் அதே தோற்றம் வரும். நெருக்கப்பட்ட நாணயத்தில் பழைய உருவத்தின் மேடுகள் தட்டையாகி, குழிந்த எழுத்துகள் அவற்றின் மேலேயே பதிந்திருக்கும்.

இரட்டை உருவம்

மிகுதியாகக் குழப்பம் தரும் தோற்றம் இரட்டை எழுத்து. 1955இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட லிங்கன் சென்ட் இதன் செவ்வியல் சான்று. அக்காலத்தில் ஓர் அச்சை உருவாக்க, மூல உருவை அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவர். இரண்டாம் அழுத்தத்தில் உருவம் சற்றே சுழன்று விழுந்ததால், அந்த அச்சில் ஆண்டும் முன்பக்க எழுத்துகளும் இரட்டையாயின. எழுத்துகளின் இரு வடிவங்களும் முழு உயரத்தில், உருண்ட மேற்பரப்போடு, இடையில் தெளிவான பிளவோடு நிற்கின்றன. பின்பக்கம் வழக்கமான அச்சால் அடிக்கப்பட்டதால் அதில் இரட்டிப்பு இல்லை. அங்கே மதிப்பைக் குறிக்கும் 'சென்ட்' என்ற சொல்லின் கடைசி எழுத்தருகே காணப்படும் நுண்ணிய மெருகுக் கீறல்கள் உண்மை நாணயத்துக்குரிய அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன.

அதே 1955ஆம் ஆண்டின் வேறு சில சென்ட்களில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் இரட்டையாகத் தோன்றும். 'ஏழையின் இரட்டை அச்சு' என்று அவை விற்கப்பட்டன. அவற்றில் நிகழ்ந்தது நெடுநாள் உழைத்த அச்சின் தேய்மானமே. மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு: அடித்தவுடன் தளர்ந்த அச்சு அசைந்தால் எழுத்தின் பக்கவாட்டு தள்ளப்பட்டு, அடிப்பகுதியில் தட்டையான படி ஒன்று உருவாகும். இங்கே எழுத்தின் மேற்பரப்பு குறுகுகிறது. உண்மையான இரட்டை அச்சிலோ எழுத்து அகலுகிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும் சாய்வான ஒளியும் இருந்தால் இந்த வேறுபாட்டைக் கண்டுவிடலாம். அசைவினாலும் தேய்மானத்தினாலும் வரும் இரட்டிப்பு மிகச் சாதாரணம். அதற்குத் தனி விலை இல்லை.

உலோகமும் எடையும்

போர்க்காலத்தில் செம்பைச் சேமிக்க, 1943இல் அமெரிக்கா துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தது. அதன் எடை 2.70 கிராம்; வெண்கல சென்ட்டின் எடை 3.11 கிராம். பழைய வெண்கல வில்லைகள் சில தவறிக் கலந்ததால் 1943 ஆண்டிட்ட வெண்கல நாணயங்கள் மிகச் சில தோன்றின. அவற்றைப் போலச் செய்யும் வழிகள் இரண்டு. எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசுவது ஒன்று; இதனைக் காந்தம் ஈர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். 1948 வெண்கல நாணயத்தில் எட்டின் இடப்பக்கத்தைச் செதுக்கி மூன்றாக்குவது மற்றொன்று. இது காந்தத்தையும் தராசையும் ஏமாற்றும். ஆனால் உண்மையான 1943இன் மூன்றுக்கு வால் கீழே நீண்டிருக்கும். செதுக்கிய எட்டுக்கு அது வாய்க்காது. ஒவ்வொரு சோதனையும் ஒரு மாற்று விளக்கத்தை மட்டுமே நீக்குகிறது என்பது இதனால் விளங்கும். காந்தச் சோதனையில் தேறிய நாணயம் முலாம் பூசியதன்று என்று மட்டுமே சொல்லலாம்; உண்மையானது என்று சொல்ல முடியாது.

உருவம் குறைந்த நாணயங்களுக்கும் இதே நெறிதான். 1937இல் டென்வரில் அடித்த எருமை நிக்கலில், அச்சை அளவுமீறி மெருகேற்றியதால் விலங்கின் முன்கால் ஒன்று மறைந்தது. அந்த அச்சின் நாணயங்களில் வயிற்றுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஒரு மேட்டுக்கோடு தெரியும். சாதாரண நாணயத்தில் காலைத் தேய்த்து நீக்குபவரால் அந்தக் கோட்டை எளிதில் உருவாக்க இயலாது.

இந்திய நாணயங்கள்

இந்தியாவில் குழப்பம் பெரும்பாலும் முறையான வேறுபாடுகளை அறியாமையிலிருந்து பிறக்கிறது. ஆண்டுக்குக் கீழே மும்பை வைர வடிவத்தையும், ஹைதராபாத் நட்சத்திரத்தையும், நொய்டா புள்ளியையும் இடுகின்றன. கொல்கத்தா குறியேதும் இடுவதில்லை. எனவே குறியில்லாத நாணயம் 'குறி விடுபட்ட பிழை' ஆகாது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் 1874 வரை அதே ஆண்டோடு அடிக்கப்பட்டது. பின்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டே பிற்கால வெளியீடுகள் பிரித்தறியப்படுகின்றன. அப்புள்ளிகள் அச்சின் கறையல்ல. உண்மையான வகைகளின் அடையாளம்.

அறியாமை எதிர்த்திசையிலும் செயல்படும். ரூபாய்க் குறியீடு இல்லாத பழைய பத்து ரூபாயில் 15 கோடுகளும், 2011இல் வந்த வடிவில் 10 கோடுகளும் உள்ளன. இவற்றில் ஒன்று போலி என்ற வதந்தியால் தமிழ்நாட்டில் கடைகளும் பேருந்துகளும் பத்து ரூபாய் நாணயத்தையே வாங்க மறுத்தன. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. வகையைப் பிழை என்பதும் போலி என்பதும், வெளியீட்டு வரலாற்றைப் பாராத ஒரே தவறின் இரு முகங்கள்.

ஐயத்தின் எல்லை

ஐயப்படுவதும் மறுப்பதும் ஒன்றல்ல. 1943 வெண்கல சென்ட் இருப்பதையே அமெரிக்க அதிகாரிகள் தொடக்கத்தில் மறுத்தனர். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த இரட்டை அச்சு சென்ட்களை, அப்போது போலிகள் உலவியதால், ரகசிய சேவைப் பிரிவினர் கைப்பற்றினர். அவை உண்மையானவை என்பது பின்னரே ஏற்கப்பட்டது. ஆகவே சான்று போதாதபோது 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்ற முடிவே சரியானது. 'போலி' என்ற முடிவுக்கும் தனியே சான்று வேண்டும்.

உண்மை மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் விலை தானாக எழுவதில்லை. எத்தனை எஞ்சியுள்ளன, தேடுவோர் எத்தனை பேர், வேறுபாடு வெறுங்கண்ணுக்குத் தெரிகிறதா, நாணயம் எந்த நிலையில் உள்ளது என்பவை தனிக் கேள்விகள். சாதாரண நாணயத்துக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை மறைத்தே பிழைக்கின்றன. தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் தரகும் கேட்போரை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. உற்பத்திக் காரணம், இரு பக்கங்களின் பொருத்தம், எடை, அதே அச்சின் மற்றொரு நாணயத்தோடு ஒப்பீடு ஆகியவற்றில் எதுவும் காட்டப்படாத நாணயத்துக்கு அதன் முகமதிப்புக்கு மேல் கொடுக்கச் சேகரிப்பாளருக்குக் காரணம் இல்லை.