கோணல் மரத்துக்குள் ஒரு நேர் மரம்

ரவுட்டர்னு சொன்னதும் வீட்டு மூலையில பச்சை லைட் மின்னுற வைஃபை பெட்டி ஞாபகம் வந்தா, இன்னைக்கு நாம பேசப்போறது அது இல்ல. இது மரவேலை ரவுட்டர். கைப்பிடி வச்ச ஒரு மோட்டார், அடியில நிமிஷத்துக்கு 20,000 சுற்று வரைக்கும் சுழலுற ஒரு பிட். வெறும் கையால மரத்துல ஓட்டினா தன் இஷ்டத்துக்கு இழுத்துட்டுப் போயிடும். அதுக்குப் போடுற கடிவாளம்தான் ஜிக். பெரும்பாலும் வீட்டுலயே பிளைவுட்ல வெட்டின ஒரு அச்சுப் பலகை. மரத்து மேல அதை இறுக்கி வச்சு, அதோட விளிம்பை ஒட்டி ரவுட்டரை ஓட்டினா, எத்தனை தடவை வெட்டினாலும் ஒரே அளவு.

அமெரிக்காவுல பெரிய பெரிய உத்தரங்களையும் தூண்களையும் வச்சு, ஆணி இல்லாம மர வீடு கட்டுறவங்க இருக்காங்க. டிம்பர் ஃபிரேம்னு பேரு. ஒரு மரத்தோட முனையை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு மரத்துல குடைஞ்ச துளைக்குள்ள நுழைச்சு, குறுக்கே ஒரு மர முளை அடிச்சு பூட்டுவாங்க. இந்தத் துளைகளை ஜிக் வச்சு வெட்டினா அது கைவேலையா, குறுக்கு வழியான்னு ஒரு சண்டை ரொம்ப நாளா உண்டு. என்னைக் கேட்டா, இந்தச் சண்டை 200 வருஷம் லேட். கைவேலை மாறினது மின்சாரத்தால இல்ல. 1800-ஐ ஒட்டி, ஒரு யோசனையால.

அதுக்கு முன்னாடி இருந்த முறைக்கு ஸ்கிரைப் ரூல்னு பேரு. கோடாரியால செதுக்கின மரம் எதுவும் நேரா இருக்காது. ஒண்ணு லேசா வளைஞ்சிருக்கும், ஒண்ணு முறுக்கிட்டிருக்கும். அதனால தச்சர் என்ன செய்வார்? ஒரு சுவருக்கு வேண்டிய அத்தனை மரத்தையும் தரையில படுக்க வச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, தூக்குக்குண்டு பிடிச்சு, இந்த மரத்தோட வளைவை அந்த மரத்துல அப்படியே கோடு போட்டு வெட்டுவார். ஒவ்வொரு நாக்கும் ஒரே ஒரு துளைக்குத்தான் சேரும். ஜோடி மாறிடக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் உளியால ரோமன் எண் போடுவாங்க. ஆங்கிலத்துல அதுக்குக் கல்யாணக் குறின்னே பேரு! இதுல ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்பதுக்குப் பல பேர் வழக்கமான குறியைப் போடாம, ஐந்துக்குப் பக்கத்துல நாலு கோடு போட்டாங்க. வழக்கமான ஒன்பதைத் தலைகீழா பார்த்தா பதினொண்ணு ஆயிடும். மரத்தை எந்தப் பக்கம் புரட்டினாலும் குழப்பம் வரக்கூடாதே.

அழகான முறைதான். ஆனா பெரிய களம் வேணும், கனமான மரங்களைத் திரும்பத் திரும்பத் தூக்கணும், முழுக் கட்டடத்தையும் மனசுல வச்சிருக்கிற ஒரு பெரிய தச்சர் கூடவே நிக்கணும். ஒரு துண்டு வீணாப் போனா, அதுக்கு மாத்து கிடையாது.

1800-க்குப் பிறகு அமெரிக்காவுல பரவின முறைதான் ஸ்கொயர் ரூல். அதோட யோசனை இதுதான்: ஒவ்வொரு கோணல் மரத்துக்குள்ளயும் கொஞ்சம் சின்னதா, துல்லியமா நேரான ஒரு மரம் ஒளிஞ்சிருக்குன்னு கற்பனை பண்ணிக்கோ. 8 அங்குல மரமா? உள்ளே ஏழரை அங்குல மரம் இருக்கு. இணைப்பு வர்ற இடத்துல மட்டும் மேல்பகுதியை அந்தக் கற்பனை மரம் வரைக்கும் குடைஞ்சு எடுத்துடு. மத்த இடத்துல மரம் எப்படி வளைஞ்சிருந்தாலும் கவலை இல்ல.

இந்தக் கணக்குக்குத் துணையா வந்தது இரும்பு மூலைமட்டம். வெர்மான்ட்ல சைலஸ் ஹாஸ்னு ஒரு கொல்லர், தேய்ஞ்ச ரம்பத் தகடுகளை ஒட்டி மூலைமட்டம் செஞ்சு, 1819-ல அதுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வகை மட்டத்தோட ஒரு கை 2 அங்குல அகலம், இன்னொரு கை ஒன்றரை அங்குலம். அமெரிக்க நாக்குகளோட வழக்கமான தடிமனும் அதே 2, அதே ஒன்றரை. மட்டத்தை மரத்து மேல வச்சு ரெண்டு பக்கமும் கோடு இழுத்தா துளை ரெடி. கையில இருந்த கருவியே அச்சு!

இதனால என்ன ஆச்சுன்னா, ஒரு தானியக் கொட்டகைக்கு வேண்டிய சாய்வுத் தாங்கிகள் டஜன் கணக்குல ஒரே அளவுல வந்துச்சு. எதை எங்க வேணா மாட்டலாம். எல்லா மரத்தையும் ஒரே களத்துல அடுக்கத் தேவையில்ல. அளவு தெரிஞ்சா போதும், யார் வேணா எங்க வேணா வெட்டலாம். முழுக் கட்டடமும் தலைக்குள்ள இருக்கணும்ங்கிற அவசியம் அவங்கள்ல ஒருத்தருக்கும் இல்ல. இதைத்தான் நான் அந்த மாற்றத்தோட பெரிய லாபம்னு சொல்வேன், பெரிய நஷ்டமும் அதுதான்.

அப்புறம் 1830களில் சிகாகோ பக்கம் மெல்லிய சட்டம், மெஷின் ஆணி வச்சு கட்டுற முறை வந்துச்சு. டிம்பர் ஃபிரேம் மெல்ல ஓரமாப் போயிடுச்சு. 1970களில் நியூ இங்கிலாந்து இளைஞர்கள் சிலர் பழைய கொட்டகைகளைப் பிரிச்சுப் பார்த்துதான் அதை மறுபடி கத்துக்கிட்டாங்க. அவங்க கையில இப்போ ரவுட்டர் இருந்துச்சு.

ஜிக் கணக்கு ரொம்ப எளிசு. ரவுட்டர் அடியில ஒரு வளையம் மாட்டுவாங்க, அதுதான் பலகை விளிம்பை ஒட்டி ஓடும். வளையம் 30 மில்லிமீட்டர், பிட் 12 மில்லிமீட்டர்னா, வித்தியாசம் 18. பக்கத்துக்கு 9. அப்போ 38 மில்லிமீட்டர் துளை வேணும்னா, பலகையில 56 மில்லிமீட்டர் திறப்பு வெட்டணும். ஆனா ரவுட்டர் எல்லாம் செய்யாது. 4 அங்குல ஆழத் துளைக்கு சாதாரண பிட் எட்டாது. மீதிக்கு டிரில்லும் உளியும்தான், இல்லன்னா சங்கிலி மெஷின். ரவுட்டர் சூப்பரா செய்யறது ஆழமில்லாத குடைவை. அதாவது, ஸ்கொயர் ரூல் கேட்ட அதே அரை அங்குலக் குடைவை. பிளைவுட் ஜிக் அந்தப் பழைய மூலைமட்டத்தோட பேரன்னு நான் சொல்றது இதனாலதான்.

ஆனா ஜிக்குக்குக் கண் கிடையாது. மரம் முறுக்கியிருந்தா, பலகையும் அந்த முறுக்கோட சேர்ந்து சாயும், துளையும் சாய்வா விழும். எந்த ரெண்டு முகத்தை அடிப்படையா எடுக்கணும், எந்த வளைவு மேல் பக்கம் இருந்தா பாரம் தாங்கும்னு முதல்ல ஒரு மனுஷர்தான் முடிவு பண்ணணும். எனக்கு ஜிக் மேல கோபமே இல்ல. ஆனா அதை மட்டும் கத்துக்கிட்டவருக்கு வளைஞ்ச மரம்னாலே கழிவாத்தான் தெரியும். ஸ்கிரைப் தச்சர் அதைத் தேடிப் போய் எடுப்பார்.

அவர் இன்னும் இருக்கார். பிரான்ஸோட ஸ்கிரைப் மரபை யுனெஸ்கோ 2009-ல பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. 2019 ஏப்ரல் 15 அன்னைக்கு பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தோட கூரை எரிஞ்சதும், அந்தத் தச்சர்களைத்தான் கூப்பிட்டாங்க. பச்சை ஓக் மரத்தைக் கோடாரியால செதுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, கோடு போட்டு வெட்டினாங்க. 2024 டிசம்பர்ல தேவாலயம் மறுபடி திறந்துச்சு. கூரைக்குள்ள இருக்கிற அந்த மரங்களைக் கீழே நின்னு பார்க்க முடியாது, கல் வளைவு மறைச்சிடும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.