தோட்டவெளி ஆலயமும் மன்னார்ப் புதைகுழியும்

வவுனியாவிலிருந்து பறையனாலங்குளம், முருங்கன் ஆகிய ஊர்களைக் கடந்து மேற்கே செல்வோர், வன்னிப் பெருநிலம் முடிவுறும் இடத்திற் கடலைக் கடந்து மன்னார்த் தீவை அடைவர். அத்தீவிலுள்ள தோட்டவெளி ஆலயத்தைக் காணும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது. 1544 ஆம் ஆண்டில் உயிர்நீத்த வேதசாட்சிகளின் நினைவைத் தாங்கி நிற்பது அவ்வாலயம். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்கள் 600 பேர் வரை, யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். சமயப்பகையே காரணம் என்பர். எனினும், புதிய சமயத்தின் பின்னே போர்த்துக்கேயரின் படைபலம் நிற்பதை மன்னன் உணர்ந்திருத்தல் வேண்டும். 1560 இல் அவர்கள் மன்னாரைக் கைப்பற்றியமை அவனது அச்சம் வீணன்று என்பதைக் காட்டும். கொலையை அது நியாயப்படுத்தாது.

ஆலயத்திலிருந்து சில கல் தொலைவில், மன்னார் நகரின் சதொச கட்டட வளவில், 2018 இல் மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடைபெற்ற அகழ்வில் 300 க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. சிறுவருடையனவும் அவற்றுள் இருந்தன. 2009 இற் போர் முடிந்தும் தம் பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார் அவ்விடத்தை எந்த நெஞ்சோடு நோக்கியிருப்பர் என்பதை யாம் எழுதிக்காட்ட வேண்டுவதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்திற்கு ஆறு மாதிரிகள் அனுப்பப்பட்டன. அவை 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்டவை என 2019 இல் முடிவு வந்தது.

அவ்வாறாயின் அவை வேதசாட்சிகளின் எலும்புகளே எனக் கூறிவிடலாமா? எம்முடன் வந்த நண்பர் ஒருவர் அவ்வாறே கூறினார். 1544 அவ்வெல்லைக்குள் அடங்குவது உண்மையே. ஆனால் 1450 அளவிற் சப்புமல் குமாரயன் யாழ்ப்பாணத்தை வென்றதும், 1560 இன் போரும், 1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததும் அதே எல்லைக்குள் அடங்குவன. இடையில் இயல்பாக இறந்தோரின் எண்ணிக்கையோ சொல்லில் அடங்காது. அகழ்விடத்தின் ஒரு பகுதியில் முறையாக அடக்கஞ் செய்யப்பட்ட உடல்களும், மற்றொரு பகுதியில் ஒழுங்கின்றி இடப்பட்டவையும் காணப்பட்டமை நோக்கற்பாலது. எல்லோரும் ஒரே நாளில் இறந்தோர் எனக் கொள்ள அது இடந்தரவில்லை. மேலும், கடலுணவை மிகுதியாக உண்டோரின் எலும்பு, காபன் கணிப்பில் உண்மைக் காலத்தினும் பழையதாகத் தோன்றக்கூடும். மீனுண்டு வாழ்ந்த கரையோர மக்களின் எலும்பை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது.

ஓர் எலும்புக்கு உரியவரைப் பெயர்சொல்லி அறிவதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பதைக் கோவாவிற் காணலாம். 1624 இற் பாரசீகத்திற் கொல்லப்பட்ட ஜோர்ஜிய அரசி கெற்றவானின் எலும்புகள், அங்குள்ள புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் எச்சாளரத்தின் அருகே வைக்கப்பட்டன என்பதைப் போர்த்துக்கேய ஆவணம் குறித்திருந்தது. அக்குறிப்பைப் பின்பற்றி அகழ்ந்து பெற்ற எலும்பின் மரபணுவை ஐதராபாத் ஆய்வாளர் பரிசோதித்தனர். இந்தியரிடம் காணப்படாததும் ஜோர்ஜியரிடம் காணப்படுவதுமான தாய்வழி மரபு அதிற் புலப்பட்டது. 2013 இல் அம்முடிவு வெளியாயிற்று. ஆவணம், இடம், மரபணு ஆகிய மூன்றும் ஒன்றுபட்ட பின்னரே அது அரசியின் எலும்பு என்றனர்.

மன்னாரில் எமக்குக் கிடைத்திருப்பதோ ஆறு மாதிரிகளின் காலக்கணிப்பு மாத்திரமே. கொன்றவர் யாவர், இறந்தோர் எச்சமயத்தவர் என்பவற்றை அது கூறாது. ஏனைய எலும்புகள் யாவும் அதே காலத்தன என்றும் அது கூறாது.