தாழப் பறந்த திறமை

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 91.119 என்று ஒன்று உண்டு. ஜன நெருக்கடியான ஊருக்கு மேலே பறக்கும் விமானம், சுற்றிலும் 2,000 அடிக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிட 1,000 அடியாவது மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தரையிலிருந்து 500 அடி. ஆளரவமில்லாத வெளியிலும் நீர்ப்பரப்பிலும் இன்னும் தாழலாம். ஆனால் மனிதர், படகு, வாகனம், கட்டடம் எதையும் 500 அடிக்குள் நெருங்கக் கூடாது. ஏறவும் இறங்கவும் தேவையானபோது விலக்கு உண்டு. ஹெலிகாப்டர்களுக்குத் தனிச் சலுகை. விமானி கெட்டிக்காரர் என்பதற்காக விலக்கு எதுவும் கிடையாது.

மீறியவரின் உரிமத்தை எஃப்.ஏ.ஏ. தற்காலிகமாக முடக்கலாம், அடியோடு பறிக்கவும் செய்யலாம். விமானி என்.டி.எஸ்.பி. நீதிபதியிடம் முறையிடலாம். எல்லாம் எழுத்தில் நடக்கும். இந்த 'எழுத்தில்' என்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு ராணுவ விபத்து.

நான் மென்பொருள் வேலை பார்க்கும் சியாட்டிலுக்குக் கிழக்கே, ஸ்போக்கேன் நகருக்கு அருகில் ஃபேர்சைல்ட் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே லெஃப்டினன்ட் கர்னல் ஆர்தர் 'பட்' ஹாலண்ட், பி-52 குண்டுவீச்சு விமானத்தைக் கரைத்துக் குடித்தவர். 5,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். மற்ற விமானிகள் விதிப்படி ஓட்டுகிறார்களா என்று சோதிக்கும் பிரிவுக்கு அவரே தலைவர்! ஆனால் 1991 முதலே விமானக் காட்சிகளில் வரம்பு மீறித் தாழவும் சாய்த்தும் பறந்துகொண்டிருந்தார். மேலதிகாரிகள் பார்த்தார்கள், பேசாமல் இருந்தார்கள்.

1994 மார்ச்சில் யக்கிமா பயிற்சி வெளியில் 500 அடிக்குக் கீழே வரக்கூடாத இடத்தில், ஒரு மலைமுகட்டைச் சுமார் 30 அடி உயரத்தில் கடந்தார். படைப்பிரிவுத் தலைவர் மார்க் மகீஹன், ஹாலண்டைப் பறக்கவிடக் கூடாது என்று மேலதிகாரி வில்லியம் பெலரினிடம் முறையிட்டார். பெலரின் வாய்மொழியாகக் கண்டித்ததோடு சரி, எதையும் பதிவு செய்யவில்லை. இனி ஹாலண்டோடு என் ஆட்கள் பறப்பதென்றால் நானும் உடன் இருப்பேன் என்று மகீஹன் முடிவெடுத்தார்.

1994 ஜூன் 24. காட்சிக்கான ஒத்திகை. சுமார் 250 அடி உயரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றித் திருப்பியபோது விமானம் 90 பாகைக்கு மேல் சாய்ந்தது. அவ்வளவு சாய்ந்த இறக்கை எடையைத் தாங்காது. மீட்டெடுக்க உயரமும் இல்லை. நால்வர் இறந்தார்கள், துணை விமானியாக அமர்ந்திருந்த மகீஹன் உட்பட. அவர் மனைவியும் இளைய மகன்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1995இல் பெலரின் கடமை தவறியதாக ராணுவ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை: மாதம் 1,500 டாலர் வீதம் ஐந்து மாதச் சம்பளப் பிடித்தம், எழுத்துமூலக் கண்டனம்.

அந்த எழுத்து மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால்?

எங்கள் குழுவிலும் ஒரு சூரர் உண்டு. பரிசோதனை, ஒப்புதல் எதுவுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே கைவைப்பார். இதுவரை எதுவும் உடைந்ததில்லை. "பார்த்துச் செய்யுங்கள்" என்று காப்பி குடிக்கும்போது இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அதைத்தான் பெலரினும் செய்தார். திங்கட்கிழமை அதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். அவருக்குக் கோபம் வரும், வரட்டும்.