கசிவும் கட்டுப்பாடும்: இந்தியக் குளிர்பதனத் தொழிற்பயிற்சியின் வரலாறு

இந்தியாவில் ஏசி மெக்கானிக்குக்கு எதைக் கற்பிப்பது என்பதை யார் தீர்மானித்தார்கள்? சந்தைக்குப் புதிய இயந்திரங்கள் வந்தது ஒரு காரணம்தான். அதைவிட வலுவான காரணம் வேறொன்று: மெக்கானிக்கின் கைவேலையில் எதை அளந்து பார்க்கச் சட்டமும் உடன்படிக்கையும் முன்வந்தனவோ, அதுவே பாடமாயிற்று என்பது இக்கட்டுரையின் வாதம். குளிர்பொருளின் கசிவு உலக அளவில் கணக்கிடப்பட்டது. அதைத் தடுக்கும் பயிற்சியும் பிறந்தது. கட்டடங்கள் வீணடிக்கும் மின்சாரத்தைத் தொழிலாளரின் திறனோடு சேர்த்துக் கணக்கிடும் ஏற்பாடு எழவில்லை. கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான கல்வியும் பொதுப் பயிற்சிக்குள் முழுதாக நுழையவில்லை.

பட்டறையும் பாடத்திட்டமும்

இத்தொழில் இந்தியாவில் பழுதுபார்ப்பிலிருந்தே வளர்ந்தது. 1943-இல் மோகன் டி. அத்வானி தொடங்கிய புளூ ஸ்டார், பழைய ஏசிகளையும் குளிர்பெட்டிகளையும் புதுப்பித்துத் தரும் இருவர் நிறுவனமாகவே முதலில் இயங்கியது. டாட்டா சன்ஸும் சுவிட்சர்லாந்தின் வோல்கார்ட் பிரதர்ஸும் சேர்ந்து 1954-இல் வோல்டாஸை அமைத்தன. தொழிலறிவு பட்டறையில் கைமாறியது. ஹெல்பராகச் சேர்ந்து, கருவிப்பெட்டி சுமந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும் முறை அது.

அரசுப் பயிற்சியின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு தேட 1945-இல் ஒரு தலைமை இயக்ககம் உருவானது. அதன் தொடர்ச்சியாக 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. 1956-இல் தொழிற்பயிற்சி நிலையங்களான ஐ.டி.ஐ.க்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் சென்றது. சான்றிதழின் தரத்தை நாடெங்கும் ஒன்றாக வைக்கத் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அதே ஆண்டில் அமைந்தது. 1961-இன் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர்களைச் சேர்த்துப் பயிற்றும் கடமையைத் தொழிற்சாலைகளின் மேல் வைத்தது.

இந்த வரிசையில் ‘குளிர்பதன, குளிர்சாதன மெக்கானிக்’ பிரிவு பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கான இரண்டாண்டுப் படிப்பாக நிலைபெற்றது. செம்புக் குழாயின் வாயை விரித்தல், பற்றவைத்தல், கம்ப்ரசரின் மின் இணைப்பு, கசிவு பார்த்தல், கேஸ் நிரப்புதல் ஆகியவை அதன் அடிப்படை. வேலை சரியாக முடிந்ததா என்பதற்கு அன்று ஒரே அளவுகோல்தான்: அறை குளிர்ந்ததா? அன்றைய குளிர்பொருள்கள், குளிர்பெட்டிகளில் ஆர்-12, அறை ஏசிகளில் ஆர்-22. இரண்டும் தீப்பற்றாதவை, நச்சுத்தன்மை குறைந்தவை. எனவே பழுதுபார்க்கும் முன் வால்வைத் திறந்து கேஸை வெளியே விடுவதும், குழாயிலுள்ள காற்றைக் கேஸைக் கொண்டே வெளித்தள்ளுவதும் குற்றமாகத் தெரியவில்லை. உள்ளே கழுவக் கார்பன் டெட்ராகுளோரைடு பயன்பட்டது. ஆர்-12, ஆர்-22 போலவே அதுவும் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் பொருள்.

உடன்படிக்கை கொண்டுவந்த பாடம்

ஓசோன் படலத்தைக் காக்க எழுந்த 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அதன் பன்னாட்டு நிதியம், வளரும் நாடுகளின் தொழிற்சாலை மாற்றத்துக்கு மட்டுமின்றி மெக்கானிக்குகளின் பயிற்சிக்கும் பணம் தந்தது. சுவிஸ், ஜெர்மன் ஒத்துழைப்புடன் நடந்த ஹைடெகார் என்னும் பயிற்சித் திட்டமும், ஆர்-12 போன்ற சி.எஃப்.சி. பொருள்களைக் கைவிட அடுத்து வந்த தேசிய சி.எஃப்.சி. ஒழிப்புத் திட்டமும், ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காத சிறுகடைக்காரர்களைத் தேடிச் சென்றன.

இந்த மாற்றத்துக்கு வேதியியல் காரணமும் உண்டு. ஆர்-12 கனிம எண்ணெயுடன் ஓடியது. சிறிதளவு ஈரம் நுழைந்தாலும் சமாளித்தது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ-வுக்குப் பாலியோல் எஸ்டர் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் உறிஞ்சும். ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரைக் கெடுக்கும். வேக்குவம் பம்பு வைத்துக் குழாயை முழுதாக வெறுமையாக்குவது இதனால் தவிர்க்க முடியாத வேலையாயிற்று. நைட்ரஜன் செலுத்திக் கசிவு சோதித்தல், பழைய கேஸைச் சிலிண்டரில் மீட்டெடுத்தல், புதிய கேஸை எடைபோட்டு நிரப்புதல் ஆகியவையும் பாடத்தில் சேர்ந்தன. அறையின் குளிர்ச்சியோடு, குழாய்க்கு வெளியே கேஸ் போகவில்லை என்பதும் நல்ல வேலையின் அடையாளமாயிற்று. இந்தியா, ஆஸ்துமா மருந்துக் குப்பிகள் நீங்கலாக, சி.எஃப்.சி. உற்பத்தியை 2008 ஆகஸ்ட் 1 அன்று, கெடுவுக்கு முன்பே நிறுத்தியது.

பின்தங்கிய கிளை

குளிர்பொருள் பயிற்சி இப்படி வளர, கட்டடங்களின் வெப்பநிலையை ஆளும் கட்டுப்பாட்டுக் கல்வி பின்தங்கியது. அத்துறையின் தொடக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராயிருந்த வாரன் ஜான்சன், பணியாளர் அறை அறையாக வந்து வெப்பநிலை பார்க்கும் நிலையை மாற்ற எண்ணி, 1883-இல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார்; 1885-இல் நிறுவனமும் தொடங்கினார். பின்னர் அழுத்தக் காற்றால் இயங்கும் கட்டுப்பாடு பெரிய கட்டடங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அதன் பிறகு கணினிவழி நேரடிக் கட்டுப்பாடு வந்தது.

கணினியோடு ஒரு சிக்கலும் வந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனக்கே உரிய நெறிமுறையில் பேசியது. விற்றவரே பயிற்சியும் தந்தார். கற்றவர் அந்த நிறுவனத்தின் கருவிகளோடு கட்டுண்டார். இதைத் தளர்த்த, அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 1987-இல் தொடங்கிய பணி, 1995-இல் ‘பேக்நெட்’ என்னும் பொது நெறிமுறையாக வெளிவந்தது. 2003-இல் அது பன்னாட்டுத் தரமுமாயிற்று. இந்தியாவில் 1981-இல் தோன்றிய இஷ்ரே சங்கம் பொறியாளர்களிடையே இவ்வறிவைப் பரப்பியது. ஆயினும் ஐ.டி.ஐ. மெக்கானிக்கின் படிப்பு குழாயையும் கம்ப்ரசரையும் மையமாகக் கொண்டே தொடர்ந்தது. கட்டட மேலாண்மை அமைப்பின் (பி.எம்.எஸ்.) அறைத் திரையின் முன் அமர்வதற்குப் பெரும்பாலும் மின்னணுவியல் டிப்ளமோ படித்தவர்கள் வந்தார்கள். ஒரே குளிர்நீர் அமைப்பைப் பார்த்துக்கொள்ள இரண்டு கல்விகள் உருவாகின.

இப்பிரிவினையின் விலை கண்ணுக்குப் படுவதில்லை. குளிர்நீர் 7 டிகிரியில் புறப்பட்டு 12 டிகிரியில் திரும்ப வேண்டிய கட்டடத்தில், வால்வு தேவைக்கு மேல் திறந்து நின்றால் அது 9 டிகிரியிலேயே திரும்பிவிடும். பம்புகள் கூடுதல் நீரைத் தள்ளும். தேவையில்லாமல் நீரைக் குளிர்விக்கும் இன்னொரு சில்லரும் ஓடத் தொடங்கும். அறை குளிர்ந்தே இருக்கும், புகார் வராது, மின்கட்டணம் மட்டும் ஏறும். திரையில் எண்ணைப் பார்ப்பவருக்கு வால்வின் நிலை தெரியாது. வால்வருகே நிற்பவருக்கு எண்ணின் பொருள் தெரியாது.

இன்றைய நிலையும் முடிவும்

2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2037-38-க்குள் குளிர்விப்புக்கான ஆற்றல் தேவையை 25 முதல் 40 விழுக்காடு வரை குறைக்க விரும்பியது. 2022-23-க்குள் ஒரு லட்சம் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. புதிய ஏசிகளில் இடம்பிடித்துள்ள ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது. புரொப்பேனாகிய ஆர்-290 எளிதில் பற்றும். ஆகவே சான்றிதழ் இன்று மெக்கானிக்கின் உயிர்க்காப்பும்கூட. மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 2021-இல் இந்தியா ஏற்ற கிகாலி திருத்தம், 2032-இல் தொடங்கி 2047-க்குள் ஆர்-134ஏ, ஆர்-32 போன்ற எச்.எஃப்.சி. பொருள்களின் பயன்பாட்டை 85 விழுக்காடு குறைக்கச் சொல்கிறது. குளிர்பொருள் பற்றிய பயிற்சிக்கு 2047 வரை உந்துதல் உறுதி.

ஆற்றல் பக்கம் அத்தகைய உந்துதல் இல்லை. 2007-இன் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதிகள் வடிவமைப்பாளரை நோக்கியே பேசின. கட்டடம் இயங்கத் தொடங்கிய பின் அதைக் கையாளுபவரின் தகுதியை அவை சோதிக்கவில்லை. கடந்தகாலம் தரும் சான்று தெளிவானது. அளவுகோலும் அதற்கான நிதியும் ஒன்றாக வந்தபோது, பள்ளிப்படிப்பை முடிக்காத சிறுகடை மெக்கானிக்கும் வேக்குவம் பம்பைக் கையாளக் கற்றார். கட்டடத்தின் மின் பயன்பாட்டுக்கும் அதைப் பராமரிப்பவரின் சான்றிதழுக்கும் முடிச்சுப் போடும் விதி ஒன்று வந்தால், சென்சாரும் வால்வும் கட்டுப்பாட்டுச் சுற்றும் ஐ.டி.ஐ.யின் இரண்டாம் ஆண்டுச் செய்முறையில் இடம்பெறுவதற்கு நெடுங்காலம் ஆகாது.