புண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெய்

குருநாகல், புத்தளம், கம்பஹா தோட்டங்களில் சிரட்டைத் தணலில் காய்ந்த கொப்பரைக்குக் கொழும்புதான் நெடுங்காலமாகப் பெரிய சந்தை. கொட்டாஞ்சேனையை அடுத்த புதுக்கடையில், பி.சி.சி. என்று ஊரறிந்த பிரிட்டிஷ் சிலோன் கோர்ப்பரேஷனின் ஆலை அதை ஆட்டி எண்ணெயும் சவர்க்காரமும் செய்தது. ஆட்டிய பின் மிஞ்சியது புண்ணாக்கு. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதன் பெரும்பகுதியை எழுதியவர்கள் நம் கரையில் இருக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

எவ்வளவு இறுக்கிப் பிழிந்தாலும் எண்ணெய் முழுதும் வெளியேறிவிடாது. இயந்திரத்தில் பிழிந்த புண்ணாக்கில் நூற்றுக்கு 6 முதல் 12 பங்கு வரை தங்கிவிடும். புரதம் 20 பங்கு அளவில் இருக்கும். மாடு வளர்ப்பவர் புரதத்துக்காகத்தான் காசு கொடுக்கிறார். ஆனால் இந்தச் சரித்திரம் முழுவதும் அந்த மிச்ச எண்ணெயுடையது. அதில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம்: 12 காபன் அணுக்கள் வரிசையாகக் கோத்த, ஐதரசன் முழுதும் ஏறி நிரம்பிய கொழுப்பமிலம்.

1875இல் கொழும்புத் துறைமுக அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்தார்கள். அது எழுந்தபின் பெரிய கப்பல்கள் பருவக்காற்றுக்கு அஞ்சாமல் நின்று சரக்கு ஏற்ற முடிந்தது. எண்ணெயோடு புண்ணாக்கும் கடல் கடந்தது. ஐரோப்பியப் பால்பண்ணைகளில் அதைத் தின்ற பசுக்களின் வெண்ணெய் இறுக்கமாக வந்தது. கோடையில் பசும்புல் மேயும் மாட்டின் வெண்ணெய் இளகி விடும் என்பதால் அந்த இறுக்கத்துக்கு மதிப்பு இருந்தது. காரணம் பிற்பாடு விளங்கியது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் பக்டீரியாக்கள் நிரம்பாத கொழுப்பமிலங்களுக்கு ஐதரசன் ஏற்றி அவற்றை உருமாற்றும். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே நிரம்பியது, மாற்ற ஒன்றுமில்லை. ஆகவே லோரிக்கும் அதன் 14 காபன் உறவான மிரிஸ்டிக்கும் குடலைத் தாண்டி, இரத்தத்தில் ஏறி, மடிக்குப் போய்ப் பாற்கொழுப்பாகிவிடுகின்றன. தென்னையின் கொழுப்பு இன்னொரு நாட்டு மக்களின் ரொட்டியில் பூசப்பட்டது. இந்தக் கட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1929இல் இலங்கையில் தென்னை ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்று அது லுணுவில ஆராய்ச்சி நிறுவனம். அதே ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. நிரம்பிய கொழுப்பமிலங்கள் அதைக் குணமாக்கவில்லை. லினோலெயிக் அமிலம் குணமாக்கியது. உடலால் செய்துகொள்ள முடியாத கொழுப்பும் உண்டு என்று உலகம் அறிந்தது அப்போதுதான். வெள்ளவத்தைக் கடைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு போத்தல்களில் இந்த வேறுபாட்டைக் காணலாம். நல்லெண்ணெயில் லினோலெயிக் நூற்றுக்கு 40 பங்கு அளவில் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் 2 பங்குதான். ஐதரசன் ஏற்றினால் அதுவும் போய்விடும். அதனாலேயே அந்தக் குறைபாட்டை எலிகளில் உண்டாக்க விரும்பிய ஆய்வுகூடங்கள் ஐதரசன் ஏற்றிய தேங்காயெண்ணெயைத் தேர்ந்தெடுத்தன.

கொழுப்பமிலங்களைப் பிரித்தளப்பது அந்நாளில் பெரும்பாடு. 1952இல் இலண்டனில் ஜேம்ஸும் மார்ட்டினும் வாயுவை ஓடவிட்டுப் பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். அவர்களுடைய கட்டுரை ஒற்றைக் காபன் கொண்ட போர்மிக் அமிலத்தில் தொடங்கி 12 காபன் அமிலத்தில், அதாவது நம் லோரிக்கில், முடிந்தது.

1990களின் இறுதியில் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மக்முல்லரும் குரூசரும் செம்மறிகளின் தீனியில் தேங்காயெண்ணெய் சேர்த்தபோது, அவை வெளிவிடும் மெதேன் குறைந்தது. இரைப்பையில் மெதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களையும், அவற்றோடு ஒட்டி வாழும் புரட்டோசோவாக்களையும் லோரிக் அமிலம் அடக்குகிறது. அளவு மீறக்கூடாது: உலர்தீனியில் மொத்தக் கொழுப்பு 6, 7 பங்கைத் தாண்டினால் நார் செரிப்பது கெட்டு, மாடு தீனியைக் குறைத்துவிடும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பின்னர் நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பேராசிரியர் வி. ரவீந்திரன், கோழித் தீனிக் கொழுப்பைப் பற்றிச் செய்த ஆய்வுகள் எனக்கு இங்கே முக்கியமாகப் படுகின்றன. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுகளால் கொழுப்பைச் சரியாகச் செரிக்க முடிவதில்லை. மாட்டுக் கொழுப்பைவிடச் சோயா எண்ணெய் நன்றாகச் சேர்கிறது என்று அவருடைய குழு காட்டியது. எந்தக் கொழுப்பு, எந்த உயிருக்கு, எவ்வளவு என்பதை அளந்துதான் அறிய வேண்டும். ஆகவே தீனிக்கடை மூட்டையில் புரத அளவை அச்சிடும் அதே அக்கறையோடு, புண்ணாக்கில் தங்கியிருக்கும் எண்ணெயையும் அளந்து அச்சிட வேண்டும். தென்னைக்குக் கீழே மேயும் நம் மாடுகளுக்கு எந்த அளவு எண்ணெயுள்ள புண்ணாக்கை எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்ல முதலில் தேவைப்படுவது அந்த எண்தான்.