காமிராவின் பொத்தானும் பெட்டகத்தின் சாவியும்

லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரத்துக்குக் கிழக்கே, ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள் வசிக்கும் ரியால்டோ என்னும் ஊரில், 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், டோனி ஃபாரர் என்ற போலீஸ் தலைமை அதிகாரி, தம் கீழ் ரோந்து செல்லும் 54 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். இன்ன முறைக்குப் போகிறவர்கள் மார்பில் காமிரா அணிந்து செல்ல வேண்டும், இன்ன முறைக்குப் போகிறவர்கள் அணியாமல் செல்ல வேண்டும் என்று தற்செயல் முறையில் தீர்மானித்து, ஓராண்டுக் காலம் சிரத்தையோடு நடத்தி முடித்தபோது, முந்தைய ஆண்டை நோக்கப் பலப்பிரயோகச் சம்பவங்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. போலீசார்மீது வந்த புகார்களோ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தன.

சிற்றூர்ப் பரிசோதனை ஒன்று தேசம் முழுவதும் பேசப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1991-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், ராட்னி கிங் என்ற கறுப்பரை லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் தடிகொண்டு தாக்கியதை, ஜார்ஜ் ஹாலிடே என்ற குழாய் வேலைக்காரர் தம் வீட்டு மாடி முகப்பில் நின்று வீடியோவில் பிடித்துவைத்தார். அன்று முதல், போலீசாரைப் பற்றிய வழக்குகளில் வாய்ச்சாட்சியத்தைவிடப் படச்சாட்சியமே பெரிது என்ற எண்ணம் அமெரிக்கர் மனத்தில் ஊன்றிவிட்டது. அந்தப் படத்தைக் கண்ணாரக் கண்ட ஜூரிகளே மறு ஆண்டில் அந்தப் போலீசாரைத் தண்டிக்க மறுத்ததும், அதனால் மூண்ட கலவரத்தில் 50-க்கு மேற்பட்டோர் மாண்டதும் அந்த நம்பிக்கையைத் தளர்த்தாமல் போனது விசித்திரந்தான்.

போலீசார் உடலில் அணியும் காமிராவை முன்கூட்டியே முயன்று பார்த்தவர்கள் பிரிட்டிஷார். 2005-ஆம் ஆண்டிலேயே பிளிமத் நகரத்தில் அதைச் சோதித்த அவர்கள், அடுத்த ஆண்டில் குடும்பச் சண்டை வழக்குகளுக்கு அதை விசேஷமாகப் பயன்படுத்தினார்கள். அடிபட்ட பெண் மறுநாள் மனம் மாறிப் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டாலும், அவள் முகத்து வீக்கமும் வீட்டின் அலங்கோலமும் படமாக நியாயஸ்தலத்துக்கு வந்து சேரும் என்பது கணக்கு. ஆகவே பிறப்பில் இது போலீசாருக்கு உதவும் கருவியே அன்றி, போலீசாரைக் கண்காணிக்கும் கருவி அன்று. அந்தப் பிறவிக் குணம், பிற்பாடு எத்தனை சட்டம் போட்டும் முற்றிலும் மாறவில்லை என்பது என் அபிப்பிராயம்.

2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி, மிசௌரி மாகாணத்து ஃபெர்குசன் ஊரில், மைக்கேல் பிரௌன் என்ற 18 வயது இளைஞன் போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் கைகளைத் தூக்கி நின்றானா, எதிர்த்துப் பாய்ந்தானா என்பதில் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தீர்த்துவைக்கப் படம் எதுவும் இல்லை. வீதியில் இறங்கும் போலீசார் யாவரும் காமிரா அணிய வேண்டும் என்று அவன் பெற்றோர் கோரினர். டிசம்பரில் ஜனாதிபதி ஒபாமா, மூன்று ஆண்டுகளில் 50,000 காமிராக்கள் வாங்குவதற்கு உதவியாக 7.5 கோடி டாலர் வேண்டுமென்று யோசனை தெரிவித்தார். கருவி வந்து இறங்கிவிட்டது. விதிகளைத்தாம் இனி எழுத வேண்டியிருந்தது. சியாட்டில் நகரத்தில் யாரோ ஒருவர், போலீசாரின் பதிவுகள் அனைத்தையும் தமக்குத் தர வேண்டும் என்று மனுப் போட, அதிகாரிகள் திகைத்துப்போய், உருவங்களை மங்கலாக்கி, ஒலியையும் நீக்கி, 2015-இல் யூடியூபில் போட்டுவைத்தார்கள். சட்டத்துக்கும் மனிதரின் அந்தரங்கத்துக்கும் ஒருங்கே மரியாதை செய்யப் புகுந்து, எவரும் எதுவும் அறிந்துகொள்ள இயலாத படங்களைத் தயாரித்த பெருமை அவர்களுடையது.

பொத்தான் யார் விரலில் இருக்கிறது என்பதைப் பால்டிமோர் நகரத்துச் சம்பவம் ஒன்று விளக்கிய அளவுக்கு வேறெதுவும் விளக்கவில்லை. அங்கே வழங்கிய காமிரா, பொத்தானை அழுத்திய பிறகுதான் பதிவைத் தொடங்கும். எனினும் அழுத்துவதற்கு முந்தைய 30 வினாடிக் காட்சியை, ஒலியின்றி, தானாகவே முன்னால் சேர்த்துக்கொள்ளும். 2017 ஜனவரியில் போலீஸ்காரர் ஒருவர், வீடுகளுக்குப் பின்புறத்துக் குப்பைக்கிடையில், போதை மருந்துப் பையை ஒரு தகர டப்பாவில் வைக்கிறார். கூட இருவர் நிற்கிறார்கள். பின்பு அவர் தெருவுக்கு நடந்து வந்து பொத்தானை அழுத்துகிறார். ஒலி அப்போதுதான் எழுகிறது. திரும்பிப் போய்த் தேடுகிறார், டப்பாவைக் கண்டெடுக்கிறார். கைதான மனிதர் ஜாமீன் கட்ட வகையின்றி மாதக் கணக்கில் சிறையில் கிடந்தார். ஏழைகளுக்கு வாதாடும் அரசாங்க வழக்கறிஞர் அலுவலகம் ஜூலையில் அந்த 30 வினாடியை வெளியிட்டது. ஏற்கெனவே கண்டெடுத்ததைத்தான் மறுபடி நடித்துக் காட்டினேன் என்று அந்தப் போலீஸ்காரர் வாதித்தார். 2018-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

அதே 2017-இல் தலைநகரான வாஷிங்டனில் 2,000-க்கு மேற்பட்ட போலீசாரைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சி, காமிரா அணிந்தவர்க்கும் அணியாதவர்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று முடிந்தது. ரியால்டோவில் தலைவரே முன்னின்று நடத்திய சிறு படையின் பலனை மாநகரத்தில் எதிர்பார்த்தது அதிக ஆசை.

பொத்தானைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், பதிவுகளைப் பூட்டிவைக்கும் பெட்டகத்தின் சாவியைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. சிக்காகோவில் 17 வயதுச் சிறுவன் ஒருவன்மீது 16 குண்டுகள் பாய்ந்ததைப் போலீஸ் காரின் காமிரா பதிவு செய்திருந்தும், நீதிமன்றம் ஆணையிடும்வரை 13 மாத காலம் நகர நிர்வாகம் அதை வெளியிடவில்லை. 2015-இல் தென் கரோலினா மாகாணம், வால்டர் ஸ்காட் என்பவர் முதுகில் சுடப்பட்டதை வழிப்போக்கர் ஒருவர் கைபேசியில் பிடித்ததன் விளைவாக, போலீசார் காமிரா அணியச் சட்டம் செய்தது. அப்பதிவுகள் பொது ஆவணங்கள் ஆகா என்றும் அதே சட்டத்தில் எழுதிவைத்தது. வட கரோலினாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதியின் ஆணையின்றிப் பதிவு வெளியே வரலாகாது என்றது. அதன் பலனை 2021 ஏப்ரலில் எலிசபெத் சிட்டி என்ற ஊர் கண்டது. அங்கே ஆண்ட்ரூ பிரௌன் என்பவர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட பின், குடும்பத்தாருக்கு முதலில் காட்டியது 20 வினாடி. அவர்கள் நீதிமன்றம் சென்ற பிறகு, ஏறத்தாழ 2 மணி நேரப் பதிவுகளிலிருந்து 20 நிமிடத்துக்கும் குறைவாகக் காட்ட நீதிபதி அனுமதித்தார். மீதிப் பகுதியில் இறந்தவரின் உருவம் இல்லை என்பது அவர் கூறிய காரணம்.